கட்டத்துக்குள் அடங்காத கால்கள்
பிசிபி (மின்சுற்றுப் பலகை) வடிவமைப்பு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஃபுட்பிரின்ட் (ஐசியின் கால்களைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டுகளின், அதாவது பேட்களின், அமைப்பு) வரைவது பற்றிப் போகிறபோக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ரிலே, மோட்டார் டிரைவர் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: மேடம், கிகேட் மென்பொருளில் 28 கால் டிஎஸ்எஸ்ஓபி (நெருக்கமான கால்கள் கொண்ட தட்டை வகை) ஐசி ஒன்றுக்கு ஃபுட்பிரின்ட் வரைகிறேன். கிரிட் (கட்ட இடைவெளி) பட்டியலைத் திறந்தால் பெரிய மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுகளில் தொடங்கி 0.01 மி.மீ. வரை இறங்குகிறது. எதை வைத்துக்கொள்வது? கால்களுக்கு இடையே 0.65 மி.மீ. "அது 25 மில்தான், அந்தக் கிரிட்டையே போடு" என்கிறார் எங்கள் ஆய்வக ஆசிரியர்.
— இறுதியாண்டு மாணவி, நாமக்கல்

பதில்: ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் 8 கால் ஐசிகளில் பழகியவராக இருப்பார். அங்கே இந்தக் கணக்கு பிழைத்துக்கொள்ளும். 25 மில் என்றால் 0.635 மி.மீ.; உங்கள் 0.65-க்கு 15 மைக்ரான் குறைவு. 8 கால் ஐசியில் ஒரு பக்கத்துக்கு 4 கால், 3 இடைவெளி. மொத்தப் பிசகு 45 மைக்ரான். யாருக்கும் தெரியாது. உங்கள் ஐசியில் ஒரு பக்கத்துக்கு 14 கால், 13 இடைவெளி. அதே 15 மைக்ரான் 13 தடவை சேர்ந்து 0.195 மி.மீ. ஆகிறது. ஐசியைச் சரியாக நடுவில் வைத்தால் இரண்டு முனைக்கும் பாதிப் பாதி, கிட்டத்தட்ட 0.1. பேட் 0.4 அகலம், கால் 0.25 அகலம் என்று வைத்தால் முனைக் கால் பேட்டின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். கையால் சால்டர் செய்தால் ஒப்பேறிவிடும். இன்னும் பத்துக் கால் கூடினால் ஒப்பேறாது.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1998-ல் அம்பத்தூரில் வேலை பார்த்தபோது 208 கால் ஐசி ஒன்று வந்தது. நாலு பக்கமும் 52 கால், இடைவெளி 0.5 மி.மீ. எங்களிடம் இருந்த மென்பொருளுக்கு முழு மில்தான் தெரியும். 19.685 என்று அடித்தால் சத்தமில்லாமல் 20 என்று மாற்றிக்கொள்ளும். நானும் 20 என்றே அடித்து, ஒரு பேட்டை 51 முறை நகலெடுத்துவிட்டேன். 20 மில் என்பது 0.508. பிசகு வெறும் 8 மைக்ரான்தானே? ஆனால் 51 இடைவெளிக்கு 0.408 மி.மீ. நாற்பது போர்டு, அதுவும் நாலு அடுக்கு, அடித்து வந்துவிட்டது. ஐசியை நடுவில் பொருத்தினால் நடுக்கால்கள் அழகாக உட்கார்ந்தன. மூலைக்குப் போகப் போக நழுவி, கடைசிக் கால்கள் இரண்டு பேட்டுக்கு நடுவில், இங்கேயுமில்லை அங்கேயுமில்லை என்று நின்றன. மேற்பார்வையாளர் ஒன்றும் பேசவில்லை. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது திட்டு வாங்கியதைவிட மோசம்.

திருத்தியது எப்படி என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். மென்பொருளை மாற்ற வழியில்லை. அதனால் ஒவ்வொரு பேட்டின் இடத்தையும் முதலில் மி.மீ.யில் கணக்குப் போட்டு, அந்த இடத்தை மட்டும் பக்கத்து முழு மில்லுக்குத் தள்ளினேன். 0, 20, 39, 59, 79, 98 என்று போகும். இடைவெளி சில இடத்தில் 19, சில இடத்தில் 20. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் எந்தப் பேட்டும் தன் இடத்திலிருந்து அரை மில்லுக்கு மேல் விலகாது, பிசகு சேர்ந்துகொண்டே போகாது. இடைவெளியை ரவுண்ட் செய்து கூட்டிக்கொண்டே போவது வேறு, இடத்தைக் கணக்குப் போட்டு ரவுண்ட் செய்வது வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) ஐசியின் வெளிவடிவப் படத்துக்குக் கீழே அளவுப் பட்டியல் இருக்குமில்லையா? அதில் மற்ற அளவுக்கெல்லாம் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் இருக்கும். கால் இடைவெளிக்கு மட்டும் ஒரே எண், பக்கத்தில் 'பிஎஸ்சி' என்று மூன்று எழுத்து. மையத்துக்கு மையம் உள்ள அடிப்படை இடைவெளி, இதற்குக் கூட்டல் கழித்தல் கிடையாது என்று அர்த்தம். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 0.635 என்றே போட்டிருந்தால் 25 மில் சரிதான். க்யூஎஸ்ஓபி வகை ஐசிகள் அப்படித்தான் வருகின்றன. 'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே' என்று அதையும் இதையும் கலந்துவிடாதீர்கள்.

சரி, எந்தக் கிரிட்? உங்கள் 14 கால் வரிசையில் நடுமையம் பூஜ்யம் என்றால், முதல் பேட் 0.325-ல் விழும், அடுத்தது 0.975, கடைசி 4.225. இவற்றில் ஒன்றுகூட 0.05 மி.மீ. கட்டத்தில் உட்காராது. 0.1 கட்டத்தில் வைத்தால் இன்னும் வேடிக்கை: 0.3, 1.0, 1.6, 2.3 என்று இடைவெளி 0.7, 0.6, 0.7 ஆக நொண்டும். 0.005 மி.மீ. வைத்துப் பாருங்கள். 0.65-ன் பாதி 0.325, 1.27-ன் பாதி 0.635, சின்ன டிரான்சிஸ்டரின் 0.95-ல் பாதி 0.475, 0.5-ன் பாதி 0.25, எல்லாம் அதில் சரியாக விழும். பட்டியலில் இல்லையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, மவுஸை விட்டுவிடுவது. பேட்டின் பண்புப் பெட்டியைத் திறந்து இடத்தை எண்ணாக அடியுங்கள். அந்தப் பெட்டியில் 0.65*13/2 என்று அடித்தால் கிகேட்டே கணக்குப் போட்டுக்கொள்ளும். மீதிப் பேட்களை, ஒன்றை வரிசையாக நகலெடுக்கும் அரே கருவி போட்டுத் தரும்.

இன்னொரு ஆறுதல்: கிகேட் உள்ளுக்குள் எல்லாவற்றையும் நானோமீட்டரில்தான் வைத்திருக்கிறது. ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என்பதால் ஒரு மில் 25,400 நானோமீட்டர், மிச்சமில்லாத முழு எண். திரையில் மில், மி.மீ. என்று மாறி மாறிப் பார்ப்பதால் மட்டும் அளவு தேயாது.

கேள்வி: பின்னலாடை இயந்திரங்களுக்கு கன்ட்ரோல் போர்டு சரிபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு போர்டு போட்டோம். ரிட்சி தெருவில் வாங்கிய 8 வழி ஸ்க்ரூ டெர்மினல் அதில் இறங்க மறுக்கிறது. முதல் மூன்று கால் நுழைகிறது, மீதி முட்டுகிறது. துளையைப் பெரிதாக்கினால் போதுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: துளையைத் தொடாதீர்கள். உங்களிடம் இருப்பது 5.00 மி.மீ. டெர்மினல், போர்டில் இருப்பது 5.08. அல்லது நேர்மாறாக. 200 மில் என்பது 5.08, மி.மீ. கணக்கில் செய்பவர்கள் 5.00-ல் செய்கிறார்கள். கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும், நிறமும் பச்சை அல்லது நீலம்தான். இரண்டு வழி டெர்மினலை மாற்றிப் போட்டால் பேசாமல் போய்விடும். எட்டு வழியில் ஏழு இடைவெளி, ஏழு முறை 0.08, மொத்தம் 0.56 மி.மீ.

கடைக்குப் போகும்போது வெர்னியர் எடுத்துப் போங்கள். முதல் காலின் இடது விளிம்பிலிருந்து எட்டாவது காலின் இடது விளிம்புக்கு அளக்க வேண்டும். 35.00 வந்தால் ஒன்று, 35.56 வந்தால் மற்றொன்று. ஒரே ஓர் இடைவெளியை அளந்து பார்த்தால் கை நடுக்கமே அந்த 0.08-ஐ விழுங்கிவிடும். அப்புறம், வகுக்கும்போது ஏழால் வகுக்க வேண்டும், எட்டால் இல்லை. என்னிடம் வேலை பழகியவர்களில் பாதிப்பேர் முதல் முறை எட்டால்தான் வகுப்பார்கள்.

இதே கண்ணாமூச்சி வெள்ளை நிற எக்ஸ்எச் கனெக்டரிலும் உண்டு. அதன் இடைவெளி 2.50, பின் ஹெடரின் (வரிசையாகக் கம்பிக் கால்கள் கொண்ட இணைப்பியின்) இடைவெளி 2.54. பத்துக் கால் வந்துவிட்டால் 0.36 மி.மீ. வித்தியாசம்.

துளை அளவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு: துளையை ரவுண்ட் செய்தால் எப்போதும் மேல்நோக்கித்தான். சதுரக் காலாக இருந்தால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். பின் ஹெடரின் கால் 0.64 மி.மீ. சதுரம், அதன் மூலைவிட்டம் 0.905. அதனால்தான் அதற்கு 1.0 மி.மீ. துளை போடுகிறோம்.

கேள்வி: ஐபிசி-7351 (பேட் அளவுகளுக்கான தரநிலை) சூத்திரங்களை எக்செல்லில் போட்டு எஸ்ஓ-8 ஐசிக்கு அளவு எடுத்தேன். பேட் அகலம் 0.599, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 6.915, உள் விளிம்புக்கு உள் விளிம்பு 2.98 என்று வந்தது. 0.05-க்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறார்கள். வெளியளவை 6.95, உள்ளளவை 3.00 ஆக்கினேன். இப்போது பேட் நீளம் 1.975 என்றும், மையம் 2.4875 என்றும் வருகிறது! ரவுண்ட் செய்த பிறகு எண் இன்னும் கோணலாகிறதே?
— இளம் பொறியாளர், ஓசூர்

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவள்தான்.

வெளியளவு, உள்ளளவு, பேட் நீளம், மையம் என்று நாலு எண் இருந்தாலும் அவற்றில் இரண்டுதான் உங்கள் இஷ்டம். இரண்டை நிர்ணயித்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும். நீங்கள் வெளியளவையும் உள்ளளவையும் 0.05-ல் அழகாக்கினீர்கள். மையம் என்பது அவை இரண்டையும் கூட்டி நாலால் வகுப்பது. நாலால் வகுத்தால் 0.05 என்பது 0.0125 ஆகிவிடும், கோணல் அங்கேயிருந்து வருகிறது. இந்த நிலையில் 0.05 கிரிட்டை வைத்து மவுஸால் இழுத்தால் இடது பேட் 2.45-க்கும் வலது பேட் 2.50-க்கும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஐசி ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும்.

மென்பொருளில் நீங்கள் அடிக்கப்போவது நீளத்தையும் மையத்தையும். அதனால் ரவுண்ட் செய்வதும் அவற்றைத்தான். ரவுண்ட் செய்யாத மூல எண்ணிலிருந்து தொடங்குங்கள்: நீளம் 1.9675, மையம் 2.47375. நீளத்தை 1.95 ஆக்குங்கள், மையத்தை 2.475 ஆக்குங்கள். வெளியளவு 6.90, உள்ளளவு 3.00 என்று தானே வந்து நிற்கிறது. கிகேட்டோடு வரும் நூலகத்தில் இந்த ஐசியைத் திறந்து பாருங்கள், 1.95 × 0.6 பேட், மையம் 2.475 என்றுதான் இருக்கும்.

'சூத்திரம் 6.915 கேட்டது, நாம் 6.90 கொடுத்தோம், 15 மைக்ரான் போயிற்றே' என்று மனது உறுத்தும். அந்த 6.915 எதிலிருந்து வந்தது? காலின் நுனிக்கு நுனி 5.80-லிருந்து 6.20 வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது டேட்டாஷீட். கால் அகலமும் 0.31-லிருந்து 0.51 வரை. ஐசியே 0.4 மி.மீ. ஆடும்போது நம் மூன்றாவது தசமம் எக்செல்லின் பேச்சு, செம்புத் தகடு அதைக் கேட்காது. அகலம் 0.599-ஐ 0.60 ஆக்குவதில் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் இந்தத் தாராளம் 1.27, 0.8, 0.65 வரைதான். 0.5, 0.4 இடைவெளிக்கு வந்தால் பேட் அகலத்துக்கு 0.05 ரவுண்டிங் ஆகாது, 0.01 வையுங்கள். 0.4 இடைவெளியில் 0.21 வந்த அகலத்தை, மேலே தள்ளுவோம் என்று 0.25 ஆக்கினால் இரண்டு பேட்டுக்கு நடுவே 0.15 மட்டுமே மிஞ்சும். பச்சை மாஸ்க்கை (சால்டர் ஒட்டாமல் தடுக்கும் பூச்சை) இருபுறமும் 0.05 விலக்கினால் நடுவில் 0.05 அகல நூல்தான் நிற்கும். அவ்வளவு மெல்லிய மாஸ்க் உரிந்துவிடும், அல்லது தயாரிப்பாளரே எடுத்துவிடுவார். ஈயம் அடுத்த காலுக்குப் பாலம் போட்டுவிடும்.

நடுவில் ரவுண்ட் செய்யாதீர்கள். எக்செல்லில் எல்லாத் தசமமும் ஓடட்டும். கடைசிக் கட்டத்தில், மென்பொருளில் அடிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு முறை.

கேள்வி: பேட் பண்புகளில் 'ரவுண்டிங் 25%' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இந்த 0.05 ரவுண்டிங்கும் ஒன்றா?
— பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பதில்: பெயர்தான் ஒன்று. அது மூலையை வளைப்பது. பேட்டின் குறுகிய பக்கத்தில் நாலில் ஒரு பங்கு ஆரம்; 1.95 × 0.6 பேட்டுக்கு 0.15 மி.மீ. பெரிய பேட் என்றால் 0.25-க்கு மேல் போக வேண்டாம் என்பது வழக்கம். கூர்மூலை இல்லாவிட்டால் ஸ்டென்சிலின் (பேஸ்ட் பூச வைக்கும் ஓட்டைத் தகட்டின்) ஓட்டையிலிருந்து சால்டர் பேஸ்ட் சுத்தமாகக் கழன்று இறங்கும். கையால் சால்டர் செய்யும் போர்டுக்கு இது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஃபுட்பிரின்ட்டில் 0.5 மி.மீ. சரியாக இருக்கிறது. கெர்பர் கோப்பை (போர்டு தயாரிப்பாளருக்கு அனுப்பும் வரைகோப்பை) பார்வைக் கருவியில் திறந்து அளந்தால் சில பேட் 19 மில், சில பேட் 20 மில் தள்ளி நிற்கின்றன. எங்கே கெட்டது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மேலே நான் சொன்ன 1998 கதை உங்கள் ஏற்றுமதிப் பெட்டியில் நடக்கிறது. கோப்பை அங்குலத்தில், தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் என்று எழுதச் சொல்லியிருப்பீர்கள். மூன்றாவது இலக்கம் என்றால் ஒரு மில். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ரவுண்ட் ஆகிவிடும். ஒரு பேட் அதிகபட்சம் 12.7 மைக்ரான்தான் விலகும், போர்டு கெட்டுப்போகாது. ஆனாலும் தெரிந்தே செய்வானேன்? அலகை மி.மீ. ஆக்கி, 4.6 (தசமத்துக்கு முன் நாலு, பின் ஆறு இலக்கம்) என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டிரில் கோப்புக்கு இந்த அமைப்பு தனியாக இருக்கும், அதையும் பாருங்கள். அதில் பூஜ்யங்களை முன்னால் விடுவதா பின்னால் விடுவதா என்று ஒன்று வரும். அது தயாரிப்பாளர் எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் துளைகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும், அல்லது போர்டுக்கு வெளியே பறக்கும். கெர்பரையும் டிரில்லையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

கேள்வி: பள்ளி அறிவியல் மன்றத்துக்காக ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் மேல் உட்காரும் போர்டு செய்கிறோம். 100 மில் துளைப் பலகையில் மூன்று ஹெடர் பொருந்துகிறது, நாலாவது பொருந்தவே இல்லை. பலகை கோணலா?
— ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பலகை நேர்தான், சார். கோணல் ஊனோவில். 7-ம் எண் காலுக்கும் 8-ம் எண் காலுக்கும் நடுவே 160 மில் இருக்கிறது. கட்டப்படி 200 இருந்திருக்க வேண்டும். ஆரம்ப கால வடிவமைப்பில் நேர்ந்த பிசகு அது. அதை நம்பி ஊரெல்லாம் மேல்போர்டு செய்துவிட்டார்கள். திருத்தினால் அவை எல்லாம் வீண் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். உங்கள் வடிவமைப்பில் 7-ம் காலிலிருந்து 8-ம் கால் 4.064 மி.மீ. தள்ளி வரும்படி அந்த ஹெடரின் இடத்தை எண்ணாகவே அடியுங்கள். துளைப் பலகைதான் வேண்டும் என்றால் அந்த ஒரு வரிசைக்கு நீளக் கால் ஹெடர் வாங்கிக் கொஞ்சம் வளைத்து விடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த 40 மில் கதையைச் சொல்லுங்கள், ரசிப்பார்கள்.

கேள்வி: சர்க்யூட் வரைபடத்தில் ஒயர் காலைத் தொடுகிறது, ஆனால் இணைப்பு இல்லை என்று பிழை காட்டுகிறது.
— மாணவர், திருநெல்வேலி

பதில்: வரைபடத்தில் கிரிட்டை மாற்றியிருக்கிறீர்கள். அங்கே எப்போதும் 50 மில்தான். மி.மீ. மோகம் போர்டோடு நிற்கட்டும். சின்னத்தை 50 மில் கட்டத்துக்கு நகர்த்தி ஒயரை மறுபடி இழுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் வருவதற்கு முன் டேப் ஒட்டி போர்டு வரைந்தீர்களாமே. அப்போது கிரிட் எப்படி வைத்தீர்கள்?
— ரேடியோ மெக்கானிக், காரைக்குடி

பதில்: அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் 0.1 அங்குலக் கட்டம் அச்சடித்த ஒளிபுகும் தாள், அதற்கும் மேலே வெற்று ஃபிலிம். போர்டின் இரண்டு மடங்கு அளவில் வரைவோம். அதனால் தாளில் ஒரு கட்டம் என்றால் போர்டில் 50 மில். வளையம் வளையமாகக் கறுப்புப் பேட் ஸ்டிக்கர் வரும், கட்டம் குறுக்கிடும் புள்ளியில் அதை ஒட்டிவிட்டு, கறுப்பு டேப்பால் இணைப்போம். கேமராவில் பாதியாகக் குறைக்கும்போது நம் கைப்பிசகும் பாதியாகிவிடும், அதற்குத்தான் இரண்டு மடங்கு. டிஐபி ஐசி (கால்கள் 0.1 அங்குல இடைவெளியில் இருக்கும் பழைய வகை) காலம் என்பதால் எல்லாக் காலும் கட்டத்திலேயே விழுந்தது, ரவுண்ட் செய்ய ஒன்றுமில்லை. வெயில்தான் தொந்தரவு. மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பசை இளகி, வளைவுகளில் டேப் மெல்ல நகரும். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலை, நேற்று ஒட்டியதை எல்லாம் கட்டத்தோடு சரிபார்த்து நகத்தால் மறுபடி அழுத்துவது.